லான்வொர்க்ஸ் ஐபி சேனல் இரண்டு ஊர்களுக்கிடையே: டைம்அவுட், தாமதம், ரீஆர்டர் டைமர் ஆகியவற்றை எந்தக் கணக்கில் அமைப்பது?

கோவை_பிளாண்ட் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கோவையிலும் அலுவலக வளாகங்கள் உள்ளன. இரண்டிலும் குளிரூட்டல், காற்றோட்டம், பொது விளக்குகள் எல்லாம் லான்வொர்க்ஸ் என்ற கட்டடக் கட்டுப்பாட்டு நெட்வொர்க்கின் கருவிகளால் இயங்குகின்றன. ஒவ்வொரு மாடியிலும் 78 கிலோபிட் வேகமுள்ள டிபி/எஃப்டி-10 கேபிள் ஓடுகிறது. அந்தக் கேபிள்கள், லான்வொர்க்ஸ் செய்திகளை ஐபி நெட்வொர்க்கில் எடுத்துச் செல்லும் ஐபி-852 ரௌட்டர்கள் வழியாக ஒரே ஐபி சேனலில் இணைகின்றன. கான்ஃபிகரேஷன் சர்வரும், நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் உள்ள கணினியும் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு லீஸ்டு லைன் உள்ளது. அது அறுந்தால் பிராட்பேண்ட் வழியாகச் செல்லும் விபிஎன் தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும்.

கோவை வளாகம் பின்னாளில் சேர்க்கப்பட்டது. அதை இணைத்துக் கொடுத்த ஒப்பந்ததாரர், சென்னையில் ஒரே கட்டடத்துக்குள் இருந்தபோது வைத்த மதிப்புகளில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுச் சென்றிருக்கிறார். கான்ஃபிகரேஷன் சர்வரில் சேனல் டைம்அவுட் 200 மில்லிவிநாடி, பாக்கெட் ரீஆர்டர் டைமர் 64, அக்ரிகேஷன் (சிறு செய்திகளைச் சேர்த்து ஒரே பாக்கெட்டாக அனுப்பக் காத்திருக்கும் நேரம்) 16 என்று உள்ளன. மேலாண்மை மென்பொருளில் ஐபி சேனலின் தாமதம் ஒரு கட்டடத்துக்குரிய மிகச் சிறிய எண்ணாகவே இருக்கிறது. ஒரு கருவியைத் திறந்து பார்த்ததில் டிரான்சாக்‌ஷன் டைமர் 96, மறுமுயற்சி 3, ரிசீவ் டைமர் 384 என்று கண்டேன்.

பகலில் எந்தக் குறையும் இல்லை. இரவில்தான் மூன்று விதமான தொல்லைகள் வருகின்றன. முதலாவது, சென்னைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கோவை வளாகத்தின் சுற்றுச்சுவர் விளக்குகளைப் போடும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், சில வேளைகளில் விளக்குகள் எரிந்து உடனே அணைந்துவிடுகின்றன. அந்தப் பொத்தான் 'இருக்கும் நிலையை மாற்று' என்ற வகைக் கட்டளையை அனுப்புகிறது. இரண்டாவது, மேலாண்மை மென்பொருள் கோவைக் கருவிகள் பதிலளிக்கவில்லை என்று சிவப்பாகக் காட்டுகிறது. ஆனால் அதே நேரத்தில் அனுப்பும் கட்டளைகளைக் கருவிகள் நிறைவேற்றுகின்றன. மூன்றாவது, லீஸ்டு லைனிலிருந்து விபிஎன்னுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் கோவையின் விஏவி பெட்டிகள் (அறைக்குச் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்துபவை) சில, சென்னையிலிருந்து வரும் இயக்க நேரக் கட்டளையைக் கைவிட்டுத் தம் இயல்புநிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

எல்லா எண்களையும் இரட்டிப்பாக்கிப் பார்க்கலாம் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். எது எதைப் பொறுத்தது என்று புரியாமல் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த எண்களுக்கிடையேயான உறவை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

---

பிஎம்எஸ்_காளிமுத்து எழுதியது:

வணக்கம் நண்பரே. கைவைக்காமல் கேட்டது நல்லது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் இன்னொன்றின் மீது ஏறி நிற்பவை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கினால் ஒரு குறை மறைந்து வேறொன்று முளைக்கும்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது, இவை இரண்டு வெவ்வேறு அடுக்குகளைச் சேர்ந்தவை என்பதை. டிரான்சாக்‌ஷன் டைமர், மறுமுயற்சி, ரிசீவ் டைமர் மூன்றும் லான்டாக் நெறிமுறைக்கு உரியவை. அவை ஒவ்வொரு கருவிக்குள்ளும் எழுதப்பட்டிருக்கும். சேனல் டைம்அவுட், ரீஆர்டர் டைமர், அக்ரிகேஷன் மூன்றும் ஐபி-852 அடுக்குக்கு உரியவை. கருவிகளுக்கு இவை இருப்பதே தெரியாது, ஐபி சேனலின் உறுப்பினர்களான ரௌட்டர்களும் உங்கள் கணினியும்தான் இவற்றைப் பின்பற்றுகின்றன. இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் பாலமாக நிற்பது மேலாண்மை மென்பொருளில் நாம் எழுதும் சேனல் தாமதம். ஐபி சேனலில் ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அந்த எண் சொல்கிறது. அதைக் கொண்டுதான் மென்பொருள், கருவிகளுக்கான டிரான்சாக்‌ஷன் டைமரையும் ரிசீவ் டைமரையும் கணக்கிட்டு எழுதுகிறது. நீங்கள் கண்ட 96, 384 ஆகியவை அந்தப் பழைய சிறிய எண்ணிலிருந்து பிறந்தவை.

இனி உங்கள் விளக்குக்கு வருவோம். பொத்தான் அழுத்தப்பட்டதும் சென்னைக் கருவி ஒப்புதல் கோரும் செய்தியாக அதை அனுப்புகிறது. 96 மில்லிவிநாடிக்குள் ஒப்புதல் வராவிட்டால் மறுபடி அனுப்பும். பிறகு 192-இல், பிறகு 288-இல். இரவில் போய்த் திரும்ப 96-ஐவிட அதிக நேரம் ஆகிறது என்றால், முதல் செய்தி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், அதன் பிரதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிவிடும். இவை ஒரே செய்தியின் பிரதிகள் என்று கோவைக் கருவி எப்படி அறிகிறது? நான்கு பிட் அளவுள்ள டிரான்சாக்‌ஷன் எண்ணைக் கொண்டு. முதல் பிரதி வந்ததும் அந்த எண்ணைக் குறித்துவைத்து, ரிசீவ் டைமர் ஓடும் வரை அதே அனுப்புநரிடமிருந்து அதே எண்ணில் வருவதைப் பிரதி என்று ஒதுக்கும். டைமர் முடிந்த பின் வந்தால் அது புதிய செய்தி. முதல் பிரதி 30 மில்லிவிநாடியில் போய்ச் சேர்ந்து, 288-இல் புறப்பட்ட கடைசிப் பிரதி வழியில் 150 மில்லிவிநாடி தேங்கினால், இரண்டுக்கும் இடையே 408 மில்லிவிநாடி ஆகிவிடும். உங்கள் ரிசீவ் டைமர் 384. கடைசிப் பிரதி புதிய கட்டளையாகக் கொள்ளப்பட்டு, எரிந்த விளக்கு அணைகிறது.

ஆகவே நான் எப்போதும் சரிபார்க்கும் விதி இது: மறுமுயற்சி எண்ணிக்கையை டிரான்சாக்‌ஷன் டைமரால் பெருக்கி, அதனுடன் சேனல் டைம்அவுட்டைக் கூட்டினால் வரும் தொகை, ரிசீவ் டைமருக்குள் அடங்க வேண்டும். டைம்அவுட்டை ஏன் கூட்டுகிறோம் என்றால், ஐபி சேனலில் ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு தேங்கிவிட்டு வந்து சேர முடியும் என்பதற்கு அதுவே எல்லை. உங்கள் இப்போதைய எண்களில் 3 × 96 + 200 = 488; ரிசீவ் டைமரைவிட 104 கூடுதல். தொல்லை வராமல் இருந்தால்தான் வியப்பு.

இந்த டைமர்களில் நினைத்த எண்ணை எழுத முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். டிரான்சாக்‌ஷன் டைமருக்கு 16, 24, 32, 48, 64, 96, 128, 192, 256, 384, 512, 768, 1024, 1536, 2048, 3072 என்று பதினாறு படிகள் மட்டுமே உண்டு. ரிசீவ் டைமர் 128-இல் தொடங்கி இதே பாணியில் 24576 வரை செல்லும். கணக்கில் 280 வந்தால் 384-ஐத்தான் எடுக்க முடியும்.

ரிசீவ் டைமரை ஒரேயடியாக மிகப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். பெறும் கருவி ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனையும் அந்த நேரம் முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கான இடம் மிகக் குறைவு. நிறைய பேரிடமிருந்து செய்திகளைப் பெறும் கருவியில் இடம் நிரம்பிவிட்டால் புதிய செய்திகள் ஏற்கப்படாமல் விழும். மேலும் டிரான்சாக்‌ஷன் எண் நான்கு பிட் மட்டுமே என்பதால், அடுக்கடுக்காக அனுப்பும் கருவியின் எண் விரைவில் சுழன்று வரும். உண்மையிலேயே புதிய செய்தியைப் பிரதி என்று ஒதுக்கிவிடும் அபாயம் உண்டு. ஒரு படி கூடுதலாக வைப்பது பாதுகாப்பு. நான்கு படி கூட்டுவது வேறொரு நோய்.

அடுத்தது ரீஆர்டர் டைமர். ஒரே கேபிளில் முன்னால் புறப்பட்டது முன்னால்தான் வரும் என்ற நம்பிக்கையில் லான்டாக் எழுதப்பட்டது. ஐபி சேனல் பயன்படுத்தும் யுடிபியில் அந்த உறுதி இல்லை. அறை வெப்பநிலைக்கான செட்பாயிண்ட் முதலில் 22 என்றும் உடனே 24 என்றும் அனுப்பப்பட்டு, வரிசை மாறி வந்தால், அறை 22-இலேயே நின்றுவிடும். எந்த அலாரமும் வராது. இதைத் தடுக்கவே ஐபி-852 ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் இடுகிறது. 41-ஆம் எண்ணுக்குப் பின் 43 வந்தால், ரௌட்டர் 43-ஐப் பிடித்துவைத்து 42-க்காக ரீஆர்டர் டைமர் அளவுக்குக் காத்திருக்கும். வராவிட்டால் 43-ஐ அனுப்பிவிட்டு, பிறகு வரும் 42-ஐத் தூக்கிப் போடும். ஆகவே ஒரு பாக்கெட் உண்மையிலேயே தொலைந்தால், அதன் பின்னால் வந்தவை எல்லாம் அந்த நேரத்துக்குத் தாமதப்படும். வரிசை மாறும் அளவுக்குச் சற்று மேலாகவும், சேனல் டைம்அவுட்டுக்கு வெகு கீழாகவும் இது இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது தொல்லைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கட்டளை போகிறது, பதில் வரவில்லை என்ற ஒருபக்கக் குறையைக் கண்டால் கடிகாரங்களைப் பாருங்கள். சேனல் டைம்அவுட் எப்படி வேலை செய்கிறது என்றால், அனுப்புநர் தன் கடிகாரத்தின்படி நேரக்குறி இடுகிறார். பெறுநர் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, பாக்கெட்டின் வயது டைம்அவுட்டைத் தாண்டியிருந்தால் அதை எறிந்துவிடுகிறார். உங்கள் கணினியின் கடிகாரம் மற்றவற்றைவிட 170 மில்லிவிநாடி முந்தி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வரும் பாக்கெட்டுகள் எல்லாம் உள்ளதைவிட 170 மில்லிவிநாடி பழையவையாகத் தோன்றும். சென்னை ரௌட்டரிலிருந்து வருபவை 200-க்குள் அடங்கிவிடும். கோவையிலிருந்து பகலில் பத்துப் பன்னிரண்டு மில்லிவிநாடியில் வருபவையும் அடங்கிவிடும். இரவில் வழியில் ஐம்பது தேங்கினாலும் போதும், பதில்கள் எல்லாம் குப்பைக்குப் போகும். மறுதிசையில் கணினி அனுப்புபவை கோவைக்கு எதிர்காலத்திலிருந்து வந்தவைபோலத் தெரியும்; அவற்றைப் பழையவை என்று எறிய யாருக்கும் காரணம் இல்லை. உங்கள் அறிகுறி இதனோடு அப்படியே பொருந்துகிறது.

ஆகவே எந்த எண்ணையும் மாற்றும் முன் இரண்டு காரியங்கள் செய்யுங்கள். எல்லா ரௌட்டர்களும் கணினியும் ஒரே எஸ்என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறை) மூலத்திலிருந்து நேரம் பெறுகின்றனவா, வேறுபாடு எவ்வளவு என்று பாருங்கள். பிறகு, லீஸ்டு லைனிலும் விபிஎன்னிலும் தனித்தனியாக இரவு பகல் முழுவதும் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) எடுத்து வையுங்கள். சராசரி எனக்கு வேண்டாம். நூற்றில் தொண்ணூற்றொன்பது எந்த எண்ணுக்குள் அடங்குகின்றன என்பதே வேண்டும். ரௌட்டர்களின் புள்ளிவிவரப் பக்கத்தில் தொலைந்தவை, வரிசை மாறியவை, காலங்கடந்தவை என்று எண்ணிக்கை இருந்தால் அதையும் பதிவிடுங்கள்.

---

நெட்வொர்க்_கவிதா எழுதியது:

காளிமுத்து ஐயா கடிகாரத்தைச் சொன்னது மிகச் சரியாக இருக்கக்கூடும். நான் அலுவலக நெட்வொர்க் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

விண்டோஸின் நேரச் சேவை முதலில் உருவாக்கப்பட்டது கெர்பரோஸ் என்ற உள்நுழைவு முறைக்காக. அதற்கு ஐந்து நிமிட வேறுபாடு வரை சம்மதம். புதிய விண்டோஸ் பதிப்புகளை நன்றாக அமைத்தால் மில்லிவிநாடித் துல்லியம் பெற முடியும். ஆனால் இயல்புநிலை அமைப்பில் அதை எதிர்பார்க்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறைக் கணினி பழையதாக இருந்தால், அதில் ஒரு தனி என்டிபி (எஸ்என்டிபியின் முழு வடிவம்) மென்பொருளை நிறுவுவது நல்லது. இரண்டு வளாகங்களிலும் உள்ள லேயர்-3 ஸ்விட்சுகளை என்டிபி சர்வர்களாக்கி, அந்தந்த ஊரின் ரௌட்டர்களை அந்தந்த ஸ்விட்சிலிருந்தே நேரம் பெறச் செய்யுங்கள். கோவை ரௌட்டர்கள் நெரிசலான லைனைத் தாண்டிச் சென்னையிடம் நேரம் கேட்டால், போகும் தாமதமும் வரும் தாமதமும் சமமாக இராது. அந்த வேறுபாட்டில் பாதி கடிகாரப் பிழையாக உள்ளே நுழைந்துவிடும். ஸ்விட்சுகளுக்கான மேல் மூலத்தை உங்கள் ஐடி துறை ஏற்கெனவே முடிவுசெய்திருக்க வேண்டும்: 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணையின்படி, நிறுவனங்களின் கணினி அமைப்புகள் தேசியத் தகவலியல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு, அல்லது அவற்றிலிருந்து தொடரும் சர்வர்களோடு ஒத்திசைந்திருக்க வேண்டும். கட்டடக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். நீங்கள் நினைவூட்டிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரவில் மட்டும் குறை வருகிறது என்பதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது பேக்கப். அலுவலகம் முடிந்த பின் சர்வர்களின் நகல் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்லும்படி அமைப்பது வழக்கம். அந்தப் பெரிய கோப்புகள் லைனை நிரப்பும்போது, ரௌட்டரின் வரிசையில் உங்கள் சிறு பாக்கெட்டுகள் பின்னால் நின்று காத்திருக்கும். பிங் 20-லிருந்து இருநூறைத் தாண்டுவதற்கு இது ஒன்றே போதும். இதை டைம்அவுட்டை உயர்த்திச் சமாளிப்பதைவிட, உங்கள் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை தருவதே சரி. அவை மிகச் சிறியவை. ஐபி தலைப்பு 20 பைட், யுடிபி 8, ஐபி-852 தலைப்பு 20, எம்டி5 அங்கீகாரம் இருந்தால் இன்னொரு 16, உள்ளே லான்டாக் செய்தி இருபது பைட் அளவில் என்று வைத்தாலும் மொத்தம் 84 பைட். விநாடிக்கு இருபது பாக்கெட் போனாலும் 14 கிலோபிட்டை எட்டாது. இந்தச் சிறு போக்குவரத்துக்கு டிஎஸ்சிபி 26 போன்ற ஒரு முன்னுரிமைக் குறியிட்டுத் தனி வரிசை தரும்படி லைன் வழங்குநரிடம் கேட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. குறியிட வேண்டியவை யுடிபி 1628, 1629 ஆகிய போர்ட்டுகள்: முன்னது உறுப்பினர்களுக்கு, பின்னது கான்ஃபிகரேஷன் சர்வருக்கு.

விபிஎன் பக்கத்தில் ஃபயர்வாலையும் பார்த்துவிடுங்கள். பல ஃபயர்வால்கள் பேச்சில்லாத யுடிபி இணைப்பை முப்பது விநாடி போன்ற குறுகிய நேரத்தில் மறந்துவிடும். ஒரு திசைக்கு மட்டும் அனுமதி எழுதியிருந்தால், அமைதிக்குப் பின் மறுதிசையிலிருந்து வரும் முதல் பாக்கெட் தடுக்கப்படும். இரு திசைகளுக்கும் வெளிப்படையாக அனுமதி எழுதச் சொல்லுங்கள்.

---

கோவை_பிளாண்ட் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி அளந்துவிட்டேன்.

ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று ஐந்து மில்லிவிநாடிக்குள் ஒத்திருக்கின்றன. கட்டுப்பாட்டு அறைக் கணினி மட்டும் அவற்றைவிட 180 மில்லிவிநாடி அளவில் முந்தி இருந்தது. என்டிபி மென்பொருள் நிறுவி, சென்னை ஸ்விட்சிலிருந்து நேரம் பெறச் செய்ததும், இரவில் கோவைக் கருவிகள் சிவப்பாவது நின்றுவிட்டது. வேறு எந்த எண்ணையும் இன்னும் தொடவில்லை.

சகோதரி கவிதா சொன்னபடி, இரவு பதினோரு மணிக்குப் பேக்கப் தொடங்குவதை ஐடி துறை உறுதிசெய்தது. அதுவரை லீஸ்டு லைனில் பிங் 18 முதல் 22 வரை. பேக்கப் ஓடும்போது 240 வரை ஏறுகிறது. முன்னுரிமை வரிசைக்கு ஒப்புக்கொண்டு அமைத்துவிட்டார்கள். இப்போது பேக்கப் ஓடும்போதும் எங்கள் பாக்கெட்டுகள் 30-க்குள் திரும்புகின்றன. விபிஎன்னில்தான் நம் கை ஓங்கவில்லை. அங்கே வழக்கமாக 75. நூற்றில் தொண்ணூற்றொன்பது 160-க்குள் அடங்குகின்றன. வரிசை மாறிய பாக்கெட்டுகள் விபிஎன் ஓடும் நேரத்தில் மட்டும் தென்படுகின்றன. லீஸ்டு லைனில் ஒன்றுகூட இல்லை. அவை மாறும் அளவு 30, 35 மில்லிவிநாடிக்குள் இருப்பதாகப் பாக்கெட் பதிவில் தெரிகிறது.

ஒரே சேனலுக்கு ஒரே மதிப்புத்தான் தர முடியும் என்பதால், இரண்டு லைன்களில் எதற்காக அமைப்பது? விஏவி பெட்டிகளின் குறையும் இன்னும் தீரவில்லை.

---

தனபால் எழுதியது:

விஏவி பெட்டிகளுக்கும் மேலே பேசிய மில்லிவிநாடிகளுக்கும் தொடர்பு இருக்காது என்று நினைக்கிறேன். லைன் மாறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பத்துகளில் விநாடிகளாக இருக்கும். அந்த இடைவெளியில் எந்த டிரான்சாக்‌ஷன் டைமரும் காப்பாற்றாது. அங்கே பேசுவது ஹார்ட்பீட். அனுப்பும் கருவி, மதிப்பு மாறாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி அனுப்புகிறது. பெறும் கருவி, குறிப்பிட்ட நேரத்துக்குள் எதுவும் வராவிட்டால் அனுப்புநர் போய்விட்டார் என்று முடிவுசெய்து இயல்புநிலைக்குத் திரும்புகிறது. அனுப்பும் இடைவெளி 30 விநாடி, பெறும் வரம்பு 60 விநாடி என்று வைத்திருந்தால், கடைசி ஹார்ட்பீட் வந்து 25 விநாடி கழித்து லைன் அறுந்து, மாற 40 விநாடி ஆனால் 65 விநாடி கடந்துவிடும். பெறும் வரம்பு, அனுப்பும் இடைவெளியின் இரண்டு மடங்கோடு லைன் மாறும் நேரத்தையும் தாங்க வேண்டும். இயக்க நேரக் கட்டளைக்கு அவசரம் இல்லை. ஐந்து நிமிடம் வைத்தாலும் அறையில் இருப்பவருக்குத் தெரியாது.

அதைவிட நல்லது, இயக்க நேர அட்டவணையையே கோவையில் உள்ள ஒரு கருவிக்குக் கொடுத்துவிடுவது. ஊர் தாண்டிப் போக வேண்டியவை கண்காணிப்பும், மனிதர் எப்போதாவது இடும் கட்டளையும் மட்டுமே. கட்டுப்பாட்டுச் சுழல் எதையும் தொலைதூர லைனின் மீது தொங்கவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

விளக்குப் பொத்தானைப் பற்றியும் ஒரு சொல். ரிசீவ் டைமரைத் திருத்துங்கள், ஆனால் நிலையை மாற்று என்ற கட்டளையையும் எடுத்துவிடுங்கள். எஸ்என்விடி_ஸ்விட்ச் என்ற லான்வொர்க்ஸின் பொது மதிப்பு வகையில் 'எரி', 'அணை' என்று நிலையையே அனுப்பினால், நான்கு பிரதி வந்தாலும் விளக்கு எரிந்தபடியே இருக்கும்.

ஒன்றில் மட்டும் காளிமுத்து ஐயாவிடமிருந்து வேறுபடுகிறேன். சேனல் டைம்அவுட்டை முழுவதுமாக அணைத்து வைப்பதே என் வழக்கம். ஒரு கடிகாரம் கெட்டாலும் தொடர்பு முழுவதும் அறுந்துபோகும் என்ற நிலையைவிட, எப்போதாவது ஒரு பழைய பாக்கெட் நுழைவது மேல். உங்கள் கணினிக்கு நேர்ந்ததே அதற்குச் சான்று.

---

பிஎம்எஸ்_காளிமுத்து எழுதியது:

தனபால் சொன்ன ஹார்ட்பீட்டும் விளக்கும் முழுவதும் சரி. அட்டவணையைக் கோவைக்கு மாற்றுவதை இயன்றால் முதலில் செய்யுங்கள். மற்ற எண்களின் மீதான சுமையே குறைந்துவிடும்.

டைம்அவுட்டை அணைப்பதைப் பற்றி: ஒரே கட்டடத்துக்குள் உள்ள லேனில் நானும் அணைத்தே வைக்கிறேன், அங்கே எதுவும் தேங்குவதில்லை. ஊர் தாண்டும் சேனலில் அணைத்துவிட்டால், முன்பு சொன்ன விதியில் கூட்ட வேண்டிய எண்ணுக்கு எல்லையே இல்லாமல் போகும். லைன் திணறி மீளும்போது இரண்டு மூன்று விநாடி தேங்கிய பாக்கெட்டுகள் ஒரேயடியாக வந்து கொட்டும்; அந்நேரம் அனுப்புநர் தோல்வி என்று முடிவுசெய்து மனிதரிடம் சொல்லியிருப்பார், மனிதர் வேறு கட்டளை இட்டிருப்பார். கடிகாரம் கெடும் அச்சத்துக்குத் தீர்வு, கடிகார வேறுபாட்டுக்கே ஓர் அலாரம் வைப்பதுதான். ரௌட்டர் ஒன்றின் நேர ஒத்திசைவு தவறினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிய வேண்டும். அதைச் செய்ய வசதி இல்லாத இடத்தில் தனபால் வழியே பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

இனி எண்கள். மோசமான லைனுக்காக, அதாவது விபிஎன்னுக்காக அமைக்க வேண்டும். நல்ல லைனில் இதனால் இழப்பு மிகக் குறைவு. ஒப்புதல் 30 மில்லிவிநாடியில் வந்துவிட்டால் டிரான்சாக்‌ஷன் டைமர் 384 ஆக இருந்தாலும் அது முழுவதும் ஓடுவதில்லை. பாக்கெட் தொலையும்போது மட்டும் மறுமுயற்சி சற்றுத் தாமதமாகும்.

ரீஆர்டர் டைமர்: வரிசை மாறுவது 35-க்குள் என்பதால் 64-ஐ 48 ஆக்கலாம். அக்ரிகேஷன் 16 அப்படியே இருக்கட்டும். பிராட்பேண்டில் தலைப்புச் சுமையைக் குறைக்க அது உதவும். சேனல் தாமதம்: விபிஎன்னின் 160, போகவும் வரவும் அக்ரிகேஷனுக்கு 32, ஒரு ரீஆர்டர் காத்திருப்புக்கு 48, ஆக 240. இதை மென்பொருளில் ஐபி சேனலின் தாமதமாக எழுதுங்கள். இரு முனைகளிலும் உள்ள டிபி/எஃப்டி-10 கேபிள்களின் தாமதத்தை மென்பொருள் தானே சேர்த்துக்கொள்ளும். இருபது பைட் செய்திக்குக் கேபிளில் இரண்டு மில்லிவிநாடியே ஆகும் என்றாலும், முறைக்காகக் காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். நான்கு கடப்புகளுக்கு நாற்பது என்று கொண்டால் மொத்தம் 280, அடுத்த படி 384.

சேனல் டைம்அவுட் ஒருவழிக்கு உரியது. 160-ஐச் சரிபாதியாக்கி 80 என்று கொள்ளாதீர்கள். பிராட்பேண்டில் மேலேற்றும் திசை எப்போதும் மெதுவானது. 110 என்று வைத்து, அக்ரிகேஷன் 16, கடிகாரப் பிழைக்கு இருபது, மேலும் கொஞ்சம் இடம் சேர்த்தால் 200 போதும். இருக்கும் எண்ணே நிற்கட்டும்.

விதியைச் சரிபார்ப்போம்: 3 × 384 + 200 = 1352. ரிசீவ் டைமரின் அடுத்த படி 1536, அடங்குகிறது. நான்கு முயற்சிகளும் தோற்றால், அனுப்பும் கருவிக்கு அது தெரிய ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். விளக்குக்கும் குளிரூட்டலுக்கும் இது தாங்கக்கூடியதே.

சேனல் தாமதத்தை மாற்றிய பின், மென்பொருள் எல்லாக் கருவிகளுக்கும் புதிய மதிப்புகளை எழுதி முடிக்கும் வரை லீஸ்டு லைனிலேயே இருங்கள். பேக்கப் நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். பிறகு சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று என்று கருவிகளைத் திறந்து, டிரான்சாக்‌ஷன் டைமர் 384 ஆகியிருக்கிறதா, ரிசீவ் டைமர் 1536 அல்லது அதற்கு அடுத்த படியில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ரிசீவ் டைமர் இரண்டு இடங்களில் இருக்கும்: குழு முகவரிக்கு முகவரி அட்டவணையில் அந்தந்தக் குழுவின் வரியில், தனி முகவரிக்குக் கருவியின் பொது அமைப்பில். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிட வேண்டாம். உங்கள் விளக்குப் பொத்தான் எந்த வகை முகவரியில் அனுப்புகிறது என்பதைப் பொறுத்து, பழைய 384 அதில் எங்கேனும் தங்கியிருக்கலாம்.

இவை முடிந்ததும் ஐடி துறையிடம் நேரம் கேட்டு, லீஸ்டு லைனை வேண்டுமென்றே துண்டித்து, விபிஎன்னில் ஓர் இரவு முழுவதும் ஓட்டிப் பாருங்கள். காலங்கடந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றைத் தாண்டினால் டைம்அவுட்டை 250 ஆக்கலாம். 1152-உடன் 250 சேர்ந்தாலும் 1536-க்குள் இடம் இருக்கிறது.